இளம்பிள்ளைவாதத் தடுப்பும் யாழ்ப்பாணக் குடாநாடும்

நோய் வந்தபின் மருந்து தேடுதலினும் வருமுன் காத்தல் சிறந்தது என்னும் கருத்துத் தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும், வருமுன் காத்தலுக்கு ஒரு குறை உண்டு. வந்த நோயைத் தீர்த்த வைத்தியனை ஊர் நினைவில் வைத்திருக்கும். வாராமற் காத்தவனை ஊர் அறியாது. நிகழாத துன்பத்துக்கு எவரும் நினைவுக்கல் நாட்டுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று பள்ளிக்கூடஞ் செல்லும் மாணாக்கருள் இளம்பிள்ளைவாதத்தாற் கால் சூம்பிய ஒருவரைக் காண்டல் அரிது. அவர்தம் பாட்டன் பாட்டிமார் பயின்ற வகுப்பறைகளிலோ அத்தகையோர் இருந்தனர். காலில் இரும்புத் தாங்கி பூட்டி, ஊன்றுகோல் பற்றி, மணியடிக்குமுன் வகுப்பையடைய மற்றோரினும் முந்திப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். இவ்விரு தலைமுறைகளுக்கும் இடையில் நிகழ்ந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

இளம்பிள்ளைவாதம் மிகப் பழைய நோய். எகிப்தின் பதினெட்டாம் அரசமரபுக் காலத்துக் கற்பலகை ஒன்றில், ஒரு கால் சூம்பிய நிலையிற் கோலூன்றி நிற்கும் ஒருவனின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அது இந்நோயின் விளைவையே காட்டுகின்றதென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். எனினும், இந்நோய் வைத்திய நூல்களில் தெளிவாக இடம்பெற்றது அண்மைக் காலத்திலேயே. 1789இல் இங்கிலாந்தின் மைக்கேல் அண்டர்வுட் என்பார் குழந்தைகளின் கால்கள் செயலிழக்கும் நோயொன்றைக் குறித்தார். 1840இல் செருமானிய வைத்தியர் யாக்கோப் ஹைனே அதனைத் தனிநோயாகப் பிரித்து விளக்கினார். சுவீடனின் ஒஸ்கார் மெடின் 1890இல் அதன் கொள்ளைநோய்த் தன்மையை எடுத்துரைத்தார். 1908இல் வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர், ஏர்வின் பொப்பர் என்னும் இருவர், நோயால் இறந்த சிறுவனொருவனின் முண்ணாணிலிருந்து எடுத்த பொருளைக் குரங்குகளுக்கு ஏற்றி, நோய்க்குக் காரணம் நுணுக்குக்காட்டிக்கும் புலப்படாத வைரசே என நிறுவினர்.

இவ்வைரசு வாய்வழியாக உட்புகுந்து, குடலிற் பெருகி, மலத்தோடு வெளியேறுவது. மாசுற்ற நீராலும் கைகளாலும் அது பரவும். தொற்றுக்குள்ளாகும் பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்குச் சிறு காய்ச்சலன்றி வேறொன்றும் தோன்றாது. ஏறத்தாழ 200 பேருள் ஒருவர்க்கே வைரசு முண்ணாணைத் தாக்கித் தசைகளை இயக்கும் நரம்புக் கலங்களை அழிக்கும், அழிந்தவை மீள்வதில்லை. அவ்வாறு வாதமுற்றோருள் நூற்றுக்கு 5 முதல் 10 வரையானோர் மூச்சுத் தசைகள் செயலிழந்து இறப்பர். இதிலிருந்து ஓருண்மை பெறப்படும். ஓரூரில் ஒரு பிள்ளை முடமாகிற்றெனின், அவ்வூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைரசு முன்னரே தொட்டுச் சென்றுவிட்டதென்பது பொருள். ஆதலின், நோயுற்றாரைத் தனியே ஒதுக்கி வைத்து இந்நோயைத் தடுத்தல் இயலாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நில அமைப்பு இவ்விடத்து நோக்கற்பாலது. இங்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் அந்நீரையே மக்கள் கிணறுகளால் மேலே கொணர்கின்றனர். சுண்ணாம்புக் கல்லிலுள்ள வெடிப்புகள் நீரை வடிகட்டாமலே விரைந்து கடத்துவன. நெருங்கிய குடியிருப்புகளில் ஒரு வளவின் மலகூடக் குழியும் அடுத்த வளவின் கிணறும் ஒரே நிலத்தடி நீரைத் தொடுகின்றன. மலத்தோடு வெளியேறி நீரொடு கலக்கும் நோய்கள் யாவற்றுக்கும் ஏற்ற நிலம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி இம்மண்ணிற் பலமுறை அழிவு செய்தமைக்கும் இவ்வமைப்பு ஒரு காரணமாதல் கூடும்.

முன்னோடியாய் அமைந்த அம்மைப்பால்

இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து இந்நாட்டுக்கு வருதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தடுப்பு முறை இங்கு அறிமுகமாகிவிட்டது. எட்வேட் ஜென்னர் 1796இல் இங்கிலாந்திற் கண்ட கோவம்மைத் தடுப்பு, 1802 யூன் மாதத்திற் பம்பாயை அடைந்தது. அவ்வாண்டிலேயே அங்கிருந்து இலங்கைக்கும் வந்தது. அக்காலத்தில் மருந்தைப் புட்டியில் அடைத்து நெடுந்தூரம் அனுப்புதல் எளிதன்று. வெப்பத்தில் அது கெட்டுவிடும். ஒரு பிள்ளையின் கையில் எழுந்த கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த பிள்ளையின் கையிற் கீறி ஏற்றுவதே வழக்கம். எனவே, மருந்தை ஊரூராகக் கொண்டு சென்றவை பிள்ளைகளின் கைகளே. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மருந்தும் அற்றுப்போம். இலங்கையில் இப்பணியை நடத்திய வைத்திய அதிகாரி தோமஸ் கிறிஸ்தி, அம்மை நோய் முன்னர் இத்தீவில் விளைத்த அழிவைப் பற்றி 1811இல் ஒரு நூல் வெளியிட்டார்.

யாழ்ப்பாணத்து மக்கள் இம்முறையை உடனே ஏற்றனரெனக் கூறுதல் பொருந்தாது. அம்மை ஈண்டு வெறும் நோயன்று. அது அம்மாளின் வருகை. வேப்பிலை கட்டி, வீட்டைத் துப்புரவு செய்து, அயலார் வரவை விலக்கி, நோயாளியை அமைதியாகக் கிடத்தி, தணிந்தபின் நீர்வார்த்து நேர்த்தி செலுத்துதல் மரபு. இம்மரபில் தூய்மையும் தனிமைப்படுத்தலும் அடங்கியிருந்தமை மறுக்கவொண்ணாது. ஆயின், நோய் வாரா முன் நலமுள்ள பிள்ளையின் உடலைக் கீறுதல் என்பது மரபிற் காணப்படாத செயல். போதாக்குறைக்கு, அதனைச் செய்ய வந்தவர் அந்நிய அரசின் ஊழியர். ஐயம் எழுந்தது இயல்பே. 1886ஆம் ஆண்டின் அம்மைப்பால் குத்துதற் கட்டளைச் சட்டம் இதனைக் கடமையாக்கிற்று. சட்டத்தினால் கையை நீட்டச் செய்யலாம். நம்பச் செய்தல் இயலாது. நம்பிக்கை பிறந்தது வேறு வழியாலாகும்.

பண்டத்தரிப்பும் மானிப்பாயும்

அவ்வழியை வகுத்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். முதல்வர் ஜோன் ஸ்கடர். அமெரிக்க மிசனைச் சேர்ந்த இவ்வைத்தியர் 1820 முதற் பண்டத்தரிப்பிற் பணிபுரிந்து, 1836இற் சென்னைக்குச் சென்றார். மற்றையவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய இவர், ஓருண்மையைத் தெளிந்துணர்ந்தார். ஆங்கிலத்திற் கற்ற வைத்தியன் பட்டினத்தை நாடிப் போவான். தமிழிற் கற்றவனே கிராமத்திலிருந்து தன் மக்களோடு பேசுவான் என்பதே அது. ஆதலால் வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே மாணாக்கர்க்குப் போதித்தார். இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலிய பெயர்களில் அவர்தம் முயற்சியால் வெளிவந்த நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். அறுபதுக்கு மேற்பட்டோரை அவர் வைத்தியராகப் பயிற்றினார். 1873இல் அவர் தாயகம் திரும்பினார், 1884இற் காலமானார்.

மிசனாரிமாரின் முதல் நோக்கம் சமயம் பரப்புதல் என்பது வெளிப்படை. சைவ மக்கள் அதனை ஐயத்தோடு நோக்கியமையும் நியாயமே. ஆறுமுக நாவலர் வழிவந்த கல்வி இயக்கமும், அதன் பயனாக எழுந்த இந்துக் கல்லூரிகளும் அவ்வையத்திலிருந்து பிறந்தவையே. எனினும், உடலைப் பற்றிய புதிய அறிவைச் சொந்த மொழியிற் கேட்ட ஒரு தலைமுறை இங்கு உருவாகியதென்பதும் உண்மை. கொள்ளைநோய்க்குக் காரணம் தெய்வக் குற்றமென்று மட்டும் கருதாது, கிணற்றையும் கையையும் நோக்கக் கற்ற தலைமுறை அது. சைவப் பாடசாலைகள் பெருகியபோது, சுகாதாரப் பாடமும் அவற்றின் வகுப்பறைகளுள் நுழைந்தது. அமெரிக்க மிசன் விதைத்ததைச் சைவப் பள்ளிகள் வளர்த்தன எனலாம். சமயத்தில் மாறுபட்டோர் பிள்ளைகளின் உயிர் காத்தலில் ஒன்றுபட்டனர்.

ஸ்கடரின் வழிமுறை பற்றிப் பின்னும் ஒரு குறிப்பு வேண்டப்படும். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் வேலூரிற் சிறு வைத்தியசாலையொன்றைத் தொடங்கினார். அதுவே கிறித்தவ வைத்தியக் கல்லூரியாக வளர்ந்தது. இளம்பிள்ளைவாதத்தின் வரலாற்றில் அவ்வேலூருக்கு வாய்த்த இடம் கீழே காட்டப்படும்.

இரு மருந்துகள்

இருபதாம் நூற்றாண்டில் இந்நோய் மேலைநாடுகளிற் கொள்ளைநோயாக உருவெடுத்தது. 1916இல் அமெரிக்காவில் 27,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ 6,000 பேர் இறந்தனர். துப்புரவு மிகுந்த நாடுகளிலேயே நோய் கடுமையுற்றமை வியப்புக்குரியது. காரணம் பின்னரே விளங்கிற்று. துப்புரவு குறைந்த நாடுகளிற் பிள்ளைகள் தாய்வழிப் பெற்ற காப்பு உடலில் உள்ளபோதே வைரசைச் சந்தித்து, பெரிதும் தீங்கின்றி நிர்ப்பீடனம் பெற்றனர். துப்புரவு மிக்க நாடுகளில் அச்சந்திப்புப் பின்தள்ளப்பட்டது. காப்பு நீங்கிய பின்னரே வைரசு வந்தது. பின்னாளில் அமெரிக்க சனாதிபதியான பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1921இல், தமது 39ஆம் வயதில், கால்கள் செயலிழந்தார். அவர் ஆதரவில் 1938இல் எழுந்த நிறுவனம் பொதுமக்களிடம் பத்துச் சத நாணயங்களாகத் திரட்டிய பணமே தடுப்பு மருந்தாராய்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று.

1949இல் ஜோன் எண்டர்ஸ், தோமஸ் வெல்லர், பிரெடெரிக் ரொபின்ஸ் ஆகியோர் இவ்வைரசை நரம்பல்லாத இழையங்களிலும் வளர்க்கலாமெனக் காட்டினர். அதற்காக 1954இல் நோபெல் பரிசு பெற்றனர். அதன் பின்னர்க் குரங்கின் சிறுநீரகக் கலங்களில் வைரசைப் பேரளவிற் பெருக்க இயன்றது. அக்குரங்குகளுட் பெரும் பகுதி வட இந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறியவை. இந்தியா 1978இல் அவ்வேற்றுமதியை முற்றாகத் தடை செய்யும் வரை செம்முகக் குரங்குகள் பல்லாயிரக்கணக்கில் இதன்பொருட்டு மடிந்தன. மேலைநாட்டு மருந்து என்று கூறப்படுவதிற் கீழைநாட்டு உயிர்களின் பங்கும் உண்டு என்பது மறக்கற்பாலதன்று.

ஜோனாஸ் சால்க், வைரசைப் போமலினாற் கொன்று ஊசி மருந்தாக்கினார். 1954இல் ஏறத்தாழ 18 இலட்சம் சிறுவர் பங்குகொண்ட பெருஞ் சோதனை நடந்தது. 1955 ஏப்பிரல் 12ஆம் நாள் மருந்து பயனுடையது, தீங்கற்றது என அறிவிக்கப்பட்டது. சால்க் அதற்கு உரிமைக் காப்புப் பெறவில்லை. ஆயினும், சில கிழமைகளுள் ஒரு துன்பம் நேர்ந்தது. ஒரு மருந்துச்சாலையிற் செய்த மருந்தில் வைரசு முற்றாகக் கொல்லப்படாதிருந்தமையால் ஏறத்தாழ 200 பேர் வாதமுற்றனர், பதின்மர் இறந்தனர். மருந்தைச் செய்தலிற் கண்காணிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை உலகம் அன்று கற்றது. தடுப்பு மருந்தை ஐயுறுவோர் யாவரும் அறிவிலாரல்லர். ஐயத்தை விடையால் நீக்கவேண்டுமேயன்றி ஏளனத்தால் நீக்கலாகாது என்பதும் அதனாற் பெறப்படும்.

அல்பேர்ட் சபின் வேறு வழியை மேற்கொண்டார். வைரசைக் கொல்லாது வலிகுன்றச் செய்து, வாயில் இடும் சொட்டு மருந்தாக்கினார். அது வைரசு நுழையும் குடலிலேயே காப்பை உண்டாக்கும், விலை குறைந்தது, ஊசி வேண்டாதது, வைத்தியரல்லாதாரும் கொடுக்கத்தக்கது. அமெரிக்காவிற் சால்க்கின் மருந்து வழங்கிவந்தமையின், சபின் தமது வைரசு வகைகளைச் சோவியத்து நாட்டு மிக்கயில் சுமக்கோவுக்கு அளித்தார். 1959இல் அந்நாட்டிற் கோடிக்கு மேற்பட்டோர்க்கு அம்மருந்து வழங்கப்பட்டு அதன் திறம் நிறுவப்பட்டது. அணுகுண்டுகளை ஒன்றன்மீது ஒன்று குறிவைத்திருந்த இரு வல்லரசுகள் பிள்ளைகளின் கால்களைக் காப்பதில் ஒத்துழைத்தன.

இலங்கையில் மருந்தின் வரவு

இலங்கை மருந்தை ஏற்றற்கு ஆயத்தமாயிருந்த நாடு. 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. ஒவ்வொரு பகுதிக்கும் சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது என்னும் அமைப்பு நிலைபெற்றது. 1949இற் கசநோய்த் தடுப்பும், 1961இல் முக்கூட்டு ஊசியும் வந்தன. 1962இல் இளம்பிள்ளைவாதம் நாட்டிற் பெருங் கொள்ளைநோயாக எழுந்தது. அவ்வாண்டிலேயே சபினின் சொட்டு மருந்து இலங்கையிற் புகுத்தப்பட்டது. 1978இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியபின் ஒவ்வொரு குழந்தைக்கும் குறித்த மாதங்களில் மருந்து கிடைப்பது வழக்கமாயிற்று. 2, 4, 6ஆம் மாதங்களிலும், பின் ஒன்றரை வயதிலும், பாடசாலை புகும் ஐந்தாம் வயதிலும் சொட்டு மருந்து இடுதல் நெறியாயிற்று.

யாழ்ப்பாணத்தில் இந்நெறியைத் தாங்கியவர் மருத்துவமாதரே. கருவுற்ற பெண்ணின் பெயரைப் பதிவதுமுதல், பிறந்த பிள்ளையை வீடு சென்று பார்ப்பதும், கிளினிக்குக்கு வாராத தாயைத் தேடிப் படலை திறப்பதும் அவர்தம் தொழில். அவர் அவ்வூர்ப் பெண்ணொருத்தியாகவோ அயலூராளாகவோ இருப்பார். தாய்மாரின் மொழியிலே பேசுவார். யார் வீட்டிற் பிள்ளை பிறந்தது, யார் மகள் தாய்வீடு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவர் அறிவார். கிறீன் ஒரு நூற்றாண்டுக்கு முன் கண்ட உண்மை இவர்களாற் செயலுருப் பெற்றது. சட்டம் தர இயலாத நம்பிக்கையை, படலையில் நின்று பெயர்சொல்லி அழைத்த குரல் தந்தது. பிள்ளை பிறந்து மருந்து இடும் நாளைத் தாயே கணக்கிட்டுக் காத்திருக்கும் வழக்கம் குடாநாட்டில் வேரூன்றியது இவ்வாறேயாம்.

இதற்கிடையில் வேலூரில் ஓராராய்ச்சி நடந்தது. ஐடா ஸ்கடர் நிறுவிய வைத்தியக் கல்லூரியில் தி. ஜேக்கப் ஜோன் என்னும் வைரசு அறிஞர், குளிர்நாடுகளிற் போதுமெனக் கருதப்பட்ட மூன்று முறை சொட்டு மருந்து இந்தியக் குழந்தைகள் பலர்க்குப் போதாதெனக் காட்டினார். வேறு குடல் நோய்க்கிருமிகள் நிறைந்த வெப்பநாட்டில் மருந்தின் வைரசு குடலில் எளிதில் ஊன்றுவதில்லை. ஆதலின் பலமுறை கொடுத்தல் வேண்டும். ஓரிடத்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரே நாளிற் கொடுத்தல் மேலும் நன்று. 1988இல் உலக சுகாதார மன்றம் இந்நோயை உலகினின்று ஒழிக்கத் தீர்மானித்தபோது, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,50,000 பேர் 125 நாடுகளில் வாதமுற்றுக்கொண்டிருந்தனர். அவ்வொழிப்பு முயற்சியின் தலையாய கருவி, ஒரே நாளில் அனைவர்க்கும் மருந்திடும் தேசிய நோய்த்தடுப்பு நாளேயாகும்.

போரின் நடுவே

இங்ஙனம் உலகம் முயன்ற காலமே யாழ்ப்பாணத்துக்குப் பெருந்துன்பக் காலமாயிற்று. 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் தரைவழி அடைபட்டது. கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தே மக்கள் வன்னிக்குப் போக்குவரவு செய்தனர். நாட்டின் மின்னிணைப்பு அற்றது. எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் விலை மிக ஏறிற்று. போத்தல் விளக்கின் சிற்றொளியிற் பிள்ளைகள் படித்தனர். யாழ்ப்பாணப் பெரியாசுபத்திரியைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பிற் போரற்ற இடமாகக் காக்க வேண்டியதாயிற்று.

சொட்டு மருந்துக்கோ குளிரே உயிர். பெருங் களஞ்சியத்தில் உறைநிலைக்குக் கீழும், கிராமத்துக் கிளினிக்கில் 2 முதல் 8 பாகை வரையிலும் அது இருத்தல் வேண்டும். மருந்துச்சாலையிலிருந்து குழந்தையின் நாவு வரை அக்குளிர் ஓரிடத்தும் அறலாகாது. அதனாலேயே அதற்குக் குளிர்ச் சங்கிலி என்பது பெயராயிற்று. மின்சாரமில்லாத நிலத்தில் அச்சங்கிலியைக் காத்தல் எத்துணை அரிது என்பதைக் கூறவேண்டுவதில்லை. மண்ணெண்ணெயால் இயங்கும் குளிர்ப்பெட்டியும், பனிக்கட்டி நிறைத்த காவுபெட்டியும், துவிச்சக்கரவண்டியுமே அந்நாளைய கருவிகள். 1802இற் பிள்ளைகளின் கைகளே அம்மைப்பாலைக் கொண்டு சென்றன. 1990களில் ஊழியரின் கைகளே சொட்டு மருந்தைக் கொண்டு சென்றன. இரு காலத்தும் சங்கிலியைக் காத்தவர் பெயர் அறியப்படாத மனிதரே.

1995ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளால் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு ஒற்றோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களை விட்டு, மழையிற் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அவ்வாண்டிலேயே இலங்கையில் முதன்முறையாகத் தேசிய நோய்த்தடுப்பு நாள்களும் தொடங்கின. அந்நாள்களின்பொருட்டு, ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் முயற்சியால், இலங்கை அரசும் தமிழீழ விடுதலைப் புலிகளும் வடக்குக் கிழக்கிற் குறித்த காலத்துக்குப் போரை நிறுத்தி வைக்க உடன்பட்டனர். அவை அமைதி நாள்கள் எனப்பட்டன. 1985இல் எல் சல்வடோர் நாட்டில் முதன்முதல் கைக்கொள்ளப்பட்ட வழக்கம் இது. அரசியலில் ஒரு சொல்லிலும் உடன்படாதோர் இரு சொட்டு மருந்தில் உடன்பட்டனர்.

இவ்வுடன்பாட்டை மிகைப்படுத்தலும் வேண்டா, குறைத்து மதிப்பிடலும் வேண்டா. நாள் முடிந்தபின் போர் தொடர்ந்தது. மருந்து பெற்ற பிள்ளைகளுட் பலர் பின்னர்ப் போரினால் மாண்டனர் என்பதும் துயரமான உண்மை. வைரசினின்று காக்கப்பட்ட கால்களைக் கண்ணிவெடி பறித்த கொடுமையும் இம்மண்ணில் நிகழ்ந்தது. ஆயின், பிள்ளைகளின்பொருட்டுத் துப்பாக்கிகள் வாய்மூட இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. இயலாதென்று எவரும் சொல்ல முடியாத நிலை தோன்றிற்று.

நோய் இல்லையென்று நிறுவுதல்

இலங்கையில் இளம்பிள்ளைவாதத்தின் கடைசி நோயாளி காணப்பட்டது 1993இல். ஆனால், நோய் காணப்படவில்லை என்பதும், நோய் இல்லை என்பதும் ஒன்றல்ல. போரினால் மூடுண்ட பகுதியில் ஒரு பிள்ளை வாதமுற்றுக் கிடப்பின் யார் அறிவார்? ஆதலின், 15 வயதுக்குட்பட்ட எப்பிள்ளைக்கேனும் திடீரெனக் கைகால் தளர்ந்து செயலிழந்தால், காரணம் எதுவாயினும், அதனை அறிவித்தல் கடமையாயிற்று. அப்பிள்ளையின் மல மாதிரிகள் குளிரிற் காக்கப்பட்டுக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. ஆண்டுதோறும் இத்தனை பிள்ளைகளாயினும் இவ்வாறு அறிவிக்கப்பட்டாலன்றி, கண்காணிப்புச் செம்மையானதெனக் கொள்ளப்படாது. அறிக்கையில் எவருமில்லை என்று எழுதுதல் பெருமையன்று. தேடிப் பார்த்தோம், இந்நோய் இல்லை என்று எழுதுதலே பெருமை. அவ்வகையில் வடபகுதியிலிருந்து சென்ற ஒவ்வொரு மாதிரியும் நாடு முழுவதன் சான்றிதழுக்கு ஒரு சான்றாயிற்று.

இந்தியாவிற் கடைசி நோயாளி 2011 சனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுராவிற் காணப்பட்டார். அதன் பின் மூன்றாண்டு கழித்து, 2014 மார்ச் 27ஆம் நாள், இலங்கையும் இந்தியாவும் உள்ளிட்ட உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பகுதி இந்நோயற்றதெனச் சான்று பெற்றது. பாக்கு நீரிணையின் இருகரையும் ஒரே நாளிற் பெற்ற சான்று அது. கடலைக் கடந்து மீனவரும் அகதிகளும் போய்வந்த நீரிணையில், ஒரு கரை மட்டும் காப்புறுதல் இயலாதென்பதை அச்சான்று உணர்த்திற்று.

முடிவுரை

மருந்தின் வரலாறு இன்னும் முற்றுப்பெறவில்லை. சபினின் மருந்திலுள்ள வலிகுன்றிய வைரசு, மருந்து பெறாத பிள்ளைகள் மிகுந்த இடத்தில் நெடுநாட் பரவின், இழந்த வலிமையை மீளப் பெற்று வாதம் விளைத்தல் கூடும். இக்குறையை உலகம் மறைக்கவில்லை. இயற்கையில் இரண்டாம் வகை வைரசு ஒழிந்தமையால், 2016 ஏப்பிரலில் இலங்கை உட்பட உலக நாடுகள் அவ்வகையைச் சொட்டு மருந்தினின்று நீக்கின. இலங்கையில் 2015 முதல், கொல்லப்பட்ட வைரசைக் கொண்ட ஊசி மருந்தும் உடன் வழங்கப்படுகின்றது. அரை நூற்றாண்டுக்கு முன் போட்டியாளராய் நின்ற சால்க்கும் சபினும் இங்ஙனம் ஒரு குழந்தையின் உடலில் ஒன்றுசேர்ந்தனர்.

2024இற் காசாவில், 25 ஆண்டுகளாகக் காணப்படாதிருந்த இந்நோய், பத்து மாதக் குழந்தையொன்றை வாதப்படுத்திற்று. கழிவுநீர் தேங்கிய கூடாரங்களிடையே, மருந்திடும் முறை குலைந்த நிலத்தில், அது மீண்டது. அவ்வாண்டு செத்தெம்பரில் அங்கும் மருந்திடுதற்பொருட்டுப் போர் சில மணிநேரம் நிறுத்தப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் மருந்து பெற்றனர். யாழ்ப்பாணத்தார்க்கு அச்செய்தி அயலூர்ச் செய்தியன்று. இடம்பெயர்வும் கூடாரமும் மாசுற்ற கிணறும் இங்கும் இருந்தன. ஆயினும் நோய் மீளவில்லை. மீளாமைக்குக் காரணம் நற்பேறு மட்டுமன்று. எண்ணெய் தேடிக் குளிர்ப்பெட்டியை எரித்தவரும், பனிக்கட்டிப் பெட்டியைத் தோளிற் கொண்டவரும், அகதி முகாமிற் பிள்ளையின் பதிவேட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து காத்த தாயரும் அதற்குக் காரணர்.

நோயைக் காணாத தலைமுறைக்கு மருந்தின் அருமை தோன்றாது. இன்று பிள்ளைக்கு மருந்திடத் தயங்குவோர் உலகின் பல நாடுகளிற் பெருகுகின்றனர். தமிழர் குடியேறி வாழும் நாடுகளும் அவற்றுள் அடங்கும். அவர்கள் முன்னோர் கண்ட இரும்புத் தாங்கியைக் கண்டிலர். மறதி மருந்தின் வெற்றியால் விளைவது. அதுவே மருந்தின் பகையுமாம். ஆதலின் இவ்வரலாற்றைக் கற்பித்தல் வரலாற்றாசிரியர் கடன் மட்டுமன்று, சுகாதாரத்தின் ஒரு பகுதியுமாகும். வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் மணியோசைக்கு ஓடிவரும் காட்சி, குடாநாட்டுக்கு இயல்பாய் வாய்த்ததன்று. இரு நூற்றாண்டு உழைப்பினாற் பெறப்பட்டது. அவ்வுழைப்பைத் தொடர்தல் ஒன்றே அதற்கு நாட்டத்தகும் நினைவுக்கல்லாகும்.